மெடிக்கல் கேம்புக்கு முன்னால் மலையில் ஒரு கக்கூஸ்

கேள்வி இதுதான். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆன ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தொழிலாளர் ஆரோக்கியத்துக்கென்று கம்பனி இந்த வருடம் கொஞ்சம் காசு ஒதுக்கியிருக்கிறதாம். அதில் மெடிக்கல் கேம்ப் வைப்பதா, யோகா வகுப்பா, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பத்து நிமிட உடற்பயிற்சியா, எது நல்லது என்று கேட்கிறார். கடைசி வரியில் போகிற போக்கில், "வேலைக்கு வராத நாட்கள் குறைய வேண்டும் என்று பெரிய துரை சொல்கிறார்" என்று தோட்ட மனேஜரைப் பற்றியும் போட்டிருக்கிறார். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகத் தெரிகிறது. ஆட்கள் ஏன் வேலைக்கு வருவதில்லை, வந்தாலும் ஏன் பாதியில் சோர்ந்து போகிறார்கள், அதில் எவ்வளவு நோய் வருத்தத்தால், எவ்வளவு வேலை செய்யும் முறையால் என்பதுதான் கேட்கப்பட வேண்டியது.

நான் தோட்ட வைத்திய உதவியாளராக இருபத்தேழு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மூன்று தோட்டங்கள்: இரண்டு மஸ்கெலியா பக்கம், ஒன்று பதுளைப் பக்கம். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எல்லோரும் டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள், ஆனால் நான் டாக்டர் இல்லை. டிஸ்பென்சரிக்கு என்ன வருத்தத்தோடு வந்தார்கள், எதற்கு வராமல் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதைத் தாண்டிய இடங்களில் படித்ததையும் ஊகத்தையும் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் யோகா, உடற்பயிற்சி மாதிரியான திட்டங்கள். இவற்றைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு பெரிய கடைக் கம்பனியின் 160 கிளைகளில், ஏறத்தாழ 33,000 ஊழியர்களை வைத்து, சில கிளைகளைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து அங்கே மட்டும் உணவு, உடற்பயிற்சி, மன அழுத்தம் என்று வகுப்புகள் நடத்தினார்கள். 2019இல் முடிவு வந்தது. 18 மாதம் கழித்து, வகுப்பு நடந்த கிளைகளில் ‘நாங்கள் உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம்’ என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ஆனால் பிரஷர், கொலஸ்ட்ரோல், உடல் எடை, வைத்தியச் செலவு, வேலைக்கு வராத நாட்கள் எதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அங்கே கடையில் வேலை செய்கிறவர்களுக்கே அப்படியென்றால், நாள் முழுக்க மலை ஏறி இறங்கும் நம் ஆட்களைக் காலை ஏழு மணிக்கு வரிசையில் நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சிரிப்பார்கள், அவ்வளவுதான். யோகா கெட்டது என்று சொல்லவில்லை. உங்கள் துரை கேட்கிற விடை அதில் இல்லை.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். மஸ்கெலியாவில் இருந்தபோது பெண்கள் அடிக்கடி ஒரே முறைப்பாட்டோடு வருவார்கள்: சலம் போகும்போது எரிச்சல், அடிவயிறு வலி, சில பேருக்குக் குளிர் காய்ச்சல். மருந்து கொடுப்பேன், சுகமாகும், இரண்டு மாதத்தில் திரும்ப வருவார்கள். "தண்ணி நல்லாக் குடிங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஒருநாள் வேறு வேலையாக, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்துக்குப் போனேன். அந்திக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாகச் சாப்பாட்டுப் பைகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு தண்ணீர்ப் போத்தல். காலையில் லயத்தில் நிரப்பிக்கொண்டு வந்தது. மாலை நாலரை மணிக்கு அவற்றில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது, ஒன்றிரண்டின் மூடியே திறக்கப்படவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு அக்காவிடம் ஏன் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமலே கூடையை உதறிக்கொண்டு, "குடிச்சா எங்கங்கய்யா போறது?" என்றார். பத்து வருடமாக நான் தண்ணீர் குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர்கள் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் மலையில், அதாவது கொழுந்து எடுக்கும் தேயிலைக் காணியில், கக்கூஸ் இல்லை என்பது. தேயிலைத் தூருக்கு இடையில் போகலாம்தான். ஆனால் பக்கத்து நிரையில் ஆண்கள், மேலே நிற்பது வேலையை மேற்பார்க்கும் கங்காணி, காலில் அட்டை, மாதவிலக்கு நாட்களில் கேட்கவே வேண்டாம்.

ஆகவே என் பதிலின் மையம் இதுதான்: காசு கொஞ்சம் என்றால் முதலில் மலைக்குச் செலவழியுங்கள். கொழுந்து எடுக்கும் மலைகளில் எங்கெங்கே ஆட்கள் அதிகம் நிற்கிறார்கள் என்று பார்த்து ஒரு எளிமையான மலசலகூடம், அருகே தண்ணீர்த் தொட்டி, சவர்க்காரம். கட்டிவிட்டால் போதாது, யார் கழுவுவது என்பதை முதலிலேயே தீர்மானித்து அந்த ஆளுக்கு அதற்கான பேர் (ஒரு நாள் சம்பளக் கணக்கு) செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் விழ வேண்டும். நான் இருந்த ஒரு தோட்டத்தில் அழகாக நாலு கட்டினார்கள், பாழாக்கிவிடுவார்கள் என்று பூட்டும் போட்டார்கள். திறப்பு ஆபீசில். ஆபீஸ் இரண்டு மைல் கீழே. திறப்பு விழாவுக்கு எடுத்த படம் மட்டும் கம்பனிக் கலண்டரில் வந்தது. தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் சலத்தை அடக்குவதும் தொற்றுக்கு வழி செய்யும், சிறுநீரகக் கல்லுக்கும் தண்ணீர்க் குறைவு ஒரு காரணம் என்பது தெளிவான விஷயம். இதனால் சிறுநீரகமே கெட்டுப்போகும் என்று சிலர் பேசுகிறார்கள். வடமத்திய மாகாணத்தில் பரவிய சிறுநீரக நோயோடு இதைச் சேர்த்துக் குழப்பிப் பயமுறுத்த வேண்டாம். அந்த நோய்க்கு ஒரே காரணம் என்று இன்னும் எதுவும் உறுதியாகவில்லை.

அடுத்தது இரத்தச்சோகை. இது நிச்சயம். பெண்களில் பலருக்குச் சோர்வு, மூச்சு வாங்கல், தலைசுற்று, மலை ஏறும்போது நெஞ்சுப் படபடப்பு, எல்லாவற்றையும் "வேலைக் களைப்பு" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராம், கர்ப்பிணிக்குப் பொதுவாக 11 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. ஆனால் இது தாழ்வான ஊருக்கான கணக்கு. நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றில் ஒட்சிசன் குறைவதால் உடம்பு தானாகவே இரத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளும், எனவே அளவிட்டு வருவதிலிருந்து அரை கிராமுக்கு மேல் கழித்துத்தான் பார்க்க வேண்டும். கேம்பில் 12.1 வந்த பெண்ணை "எல்லாம் சரி" என்று அனுப்பிவிடுவார்கள், சரியில்லை. அப்புறம் நாம் விளைவிக்கிற சாமானே இதில் ஒரு குற்றவாளி: தேயிலையில் இருக்கும் துவர்ப்புப் பொருள் ரொட்டி, பருப்பு, கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். காலையில் ரொட்டியும் பிளேன்டீயும், பத்து மணிக்குத் தேத்தண்ணி, பகல் சாப்பாட்டோடு திரும்பத் தேத்தண்ணி, சில பேர் கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையே தேத்தண்ணியில்தான் விழுங்குவார்கள். தேத்தண்ணியை விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, நானே கேட்கமாட்டேன். சாப்பாட்டுக்கும் அதற்கும் இடையில் ஒரு மணி நேரம் விடச் சொல்லுங்கள், ரொட்டிக்கான சம்பலில் தேசிக்காய் பிழியச் சொல்லுங்கள், கொய்யாக்காய் கிடைக்கிற காலத்தில் அதையும். குடற்புழு மருந்து குடித்தார்களா என்று பாருங்கள், வெறுங்காலோடு நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு இன்னும் உண்டு. மாத்திரை ஒழுங்காக எடுத்தும் ஏறவில்லையென்றால் அங்கே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், தலசீமியா மாதிரிப் பரம்பரைக் காரணமும் இருக்கலாம். அவர்களுக்கு மேலும் மேலும் இரும்பு கொடுப்பது உதவாது.

இதன் அடுத்த பக்கம் பிள்ளைகள். 2016ஆம் ஆண்டு நாடு தழுவிய சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17.3 சதவீதம், தோட்டப் பகுதியில் 31.7 சதவீதம். இது கம்பனி விஷயம் இல்லை என்று சொல்வார்கள். பாலூட்டும் தாய்க்கு எந்த மலையில் வேலை கொடுப்பது என்பது கம்பனி விஷயம்தானே? 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் சட்டப்படி, பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை தாய்க்கு நாளில் இரண்டு தடவை பாலூட்டும் இடைவேளை கொடுக்க வேண்டும்: பிள்ளைக் காம்பரா (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) இருந்தால் தலா அரை மணி நேரம், இல்லாவிட்டால் தலா ஒரு மணி நேரம். தாளில் நன்றாக இருக்கிறது. பிள்ளைக் காம்பராவுக்கு நாற்பது நிமிட நடைத் தூரத்தில் உள்ள மலைக்கு அந்தத் தாயை அனுப்பிவிட்டு அரை மணி நேரம் கொடுத்து என்ன பயன்? பெரட்டில் பேர் கூப்பிடும்போது, பாலூட்டும் தாய்மாரைப் பக்கத்து மலைக்குப் போடச் சொல்லிக் கணக்கப்பிள்ளையிடம் பேசி ஒழுங்கு பண்ணுங்கள். ஒரு சதமும் செலவில்லை. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் பிரசவ லீவு 12 வாரம், அதுவும் பல பேருக்குத் தெரியாது.

இனித் துரையின் கேள்விக்கு நேராக வருகிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களில் பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்கள் மாதம் ஒருமுறை டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போக வேண்டும். விடிய ஐந்து மணிக்குக் கிளம்பி, பஸ் பிடித்து, நம்பர் எடுத்து, மருந்து வாங்கித் திரும்பும்போது பின்னேரம். அந்த நாள் பேர் இல்லை, பஸ் காசு வேறு. இரண்டு மாதம் போவார்கள், மூன்றாம் மாதம் மாத்திரை இருக்கிறவரை இழுப்பார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். ஒரு வருடம் கழித்துப் பாரிசவாதம். நான் பார்த்த பாரிசவாதங்களில் பெரும்பாலானவை வீட்டு அலுமாரியில் கிளினிக் கொப்பி இருந்த ஆட்களுக்குத்தான் வந்தன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு பேசி மாதத்தில் ஒரு பின்னேரம் தோட்டத்திலேயே அந்தக் கிளினிக்கை நடத்த முடியுமா என்று கேளுங்கள். வாகனமும் இடமும் தேத்தண்ணியும் நாங்கள் தருகிறோம் என்று சொன்னால் பல அதிகாரிகள் ஒத்துக்கொள்வார்கள், ஆள் பற்றாக்குறையால் முடியாமலும் போகலாம். முடியாவிட்டால் கிளினிக் நாளுக்கு அரைப் பேராவது போட வழியுண்டா என்று கேளுங்கள். வேலைக்கு வராத நாள் குறைவதற்கு உங்கள் கையில் இருப்பதில் இதுதான் பெரியது என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதைத் துரைக்கு வாய்ச்சொல்லாகச் சொல்லாதீர்கள், போன ஆறு மாத செக்ரோலை எடுத்து யார் எந்த நாளில் வரவில்லை என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். கிளினிக் நாளும் சம்பளத்துக்கு மறுநாளும் தனியாகத் தெரியும்.

முதுகுவலி, கழுத்துவலி பற்றி எனக்கு அவ்வளவு நிச்சயமாகப் பேச முடியாது. கூடைக் கயிறு தலையில், பாரம் முதுகில், சரிவில் ஒரு கால் மேலே ஒரு கால் கீழே, இப்படி இருபது முப்பது வருடம் நின்றால் வலிக்கத்தான் செய்யும். தோளில் மாட்டும் பை நல்லதா, தலைக் கயிறு நல்லதா என்று அடித்துச் சொல்கிற அளவுக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. பாரம் குறைந்தால் வலி குறையும் என்பதை மட்டும் பார்த்திருக்கிறேன். ஒரு தோட்டத்தில் பகல் நிறுவையை மலைப் பாதைக்கே கொண்டு வந்தார்கள், பெண்கள் கூடையோடு மடுவத்துக்கு ஏற வேண்டியிருக்கவில்லை. அந்தப் பருவத்தில் என்னிடம் வலித் தைலம் கேட்டு வந்தவர்கள் குறைந்தது போல எனக்குத் தோன்றியது. எண்ணிப் பார்க்கவில்லை, அதனால் ஆதாரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குளவி. இதை விளையாட்டாக எடுக்காதீர்கள், மற்ற எல்லாம் மெல்லக் கொல்லும், இது அரை மணி நேரத்தில் கொல்லும். நாம் குளவி என்று சொல்வதில் இரண்டு சாதி உண்டு. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் பலகை மாதிரித் தொங்கும் பெரிய தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் நிற்கும், நகத்தாலோ அட்டைத் துண்டாலோ உடனே சுரண்டி எடுக்க வேண்டும். மண்ணிலும் செடியிலும் கூடு கட்டும் குளவி கொடுக்கை விடாது, திரும்பத் திரும்பக் கொட்டும். ஒரு தேனீ கொட்டினால் அந்த வாசத்துக்கே மற்றவை தேடி வரும், ஆகவே கையை வீசி விரட்டாமல் முகத்தையும் தலையையும் படங்கால் மூடிக்கொண்டு தூரமாக ஓட வேண்டும். தலைக்கு வைக்கிற எண்ணெய் வாசத்துக்கு வருகிறது என்பார்கள், அதை நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். பருந்து கூட்டைக் கலைப்பதாலும் பலத்த காற்றாலும் கலைவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். புல் வெட்டாமல் காடாகிக் கிடக்கும் மலையில் கூடு கண்ணுக்கே தெரியாது. வாரம் ஒருமுறை ஒரு ஆள் அடுத்து எடுக்கப்போகிற மலையைச் சுற்றிப் பார்த்துக் கூடு இருக்கும் இடத்தில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், அதற்கும் பேர் போட வேண்டும். கொட்டு வாங்கியவருக்கு மூச்சுத் திணறல், முகம் வீக்கம், மயக்கம் வந்தால் பிரித்தன் என்ற ஒவ்வாமை மாத்திரையோ, தைலமோ, சுண்ணாம்போ உயிரைக் காக்காது. அட்ரினலின் ஊசிதான், பெரியவர்களுக்குத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் 0.5 மில்லிகிராம், அதைப் போடப் பழகிய ஆள் வேண்டும். உங்கள் டிஸ்பென்சரியில் அது இருக்கிறதா, திகதி முடிந்துவிட்டதா என்று நாளைக்கே போய்ப் பாருங்கள். 1990 அம்புலன்ஸ் இப்போது நாடு முழுக்க உண்டு, ஆனால் அது மெயின் ரோட்டுக்கு வரும், மலைக்கு வராது. நான் ஒருவரைக் கம்பளியில் போட்டு நாலு பேராகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். தோட்ட லொறி கொழுந்தோடு போய்விட்டிருந்தது. அவர் பிழைத்தார், ஆனால் அது எங்கள் திறமையால் இல்லை. ஒரு ஸ்ட்ரெச்சர் வாங்கி மடுவத்தில் தொங்கவிடுங்கள். நூறு கொட்டு வாங்கியவர் நன்றாக இருக்கிறேன் என்றாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள், ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிறுநீரகம் அடிபடலாம்.

ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலைப் பக்கத்தை ஒரு வார்த்தையில் முடிக்கிறேன். 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஸ்டோருக்குள் செல்லும், மலைக்குச் செல்லாது. ஆகவே ஸ்டோரில் இயந்திரப் பட்டிக்கு மூடி, வெளிச்சம், கக்கூஸ் என்று கேட்க உங்களுக்குச் சட்டமே துணை. சலிக்கிற இடத்துத் தூசியால் ஆஸ்துமா வரலாம் என்று நம் நாட்டு டாக்டர் உரகொட 1970இலேயே எழுதினார், அதற்குப் பிறகும் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் சலிக்கிறார்கள். தூசியை வெளியே இழுக்கும் விசிறி வேலை செய்கிறதா என்று பாருங்கள். மாஸ்க் அதற்குப் பிறகு. தேயிலைக்குப் பூச்சி, களை மருந்து அடிக்கிறவர்களுக்கும் அதே கதைதான்: ரப்பர் கோட்டு கொடுத்தால் சரிவில் வியர்த்து இரண்டாம் நாளே கழற்றிவிடுவார்கள். காற்றுக்கு எதிராக அடிக்காமல் இருப்பதும், வேலை முடிந்ததும் குளித்து உடுப்பு மாற்ற ஒரு இடமும் இருந்தாலே பெரிய பாதுகாப்பு. அந்த உடுப்பு லயத்துக்குப் போகக்கூடாது, பிள்ளைகளின் உடுப்போடு ஒன்றாகக் கழுவுவார்கள்.

மனதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பெரட்டில் நாற்பது பேருக்கு முன்னால் ஒரு பெண்ணைத் திட்டினால் அன்று அவள் கொழுந்து குறையும், மறுநாள் தலைவலி என்று என்னிடம் வருவாள். அதற்கு நான் பனடோல் கொடுத்திருக்கிறேன். கசிப்பு என்ற கள்ளச் சாராயமும் கடனும் நலன்புரி உத்தியோகத்தரால் தீர்க்கக்கூடியவை இல்லை. ஒருவர் சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் 1926 என்ற மனநல உதவி இலக்கத்தைக் கொடுத்துவிட்டு நிற்காமல், நீங்களே கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அன்றைக்குப் பூச்சி, களை மருந்து வைக்கும் அறை பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று ஏறியது. அந்தக் காசில் ஐந்து பேர் வீட்டில் முட்டை எத்தனை நாளைக்கு வரும் என்பதை உங்கள் துரைக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

கேம்ப் கட்டாயம் வைக்க வேண்டும் என்று கம்பனி நின்றால் வையுங்கள், ஆனால் சம்பள நாளிலும் திருவிழாக் கிழமையிலும் வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டு 35 வயதுப் பெண்களின் பட்டியலை எடுத்து, கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனைக்குச் சுக வனிதையர் கிளினிக்குக்கு வேன் ஒழுங்கு பண்ணினால் அதுவே நல்ல கேம்ப். வெற்றிலை போடுகிறவர்களின் வாயையும் ஒரு பல் டாக்டர் டோர்ச் அடித்துப் பார்க்கட்டும், ஆறாத வெள்ளைத் தழும்பும் புண்ணும் எத்தனையோ வாய்களில் கிடக்கிறது. யார் யாரைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த மாதம் அந்தக் கொப்பியோடு லயம் லயமாகப் போக ஆள் இல்லையென்றால் கேம்ப் வேண்டாம், அந்தக் காசை இரண்டாவது கக்கூசுக்குப் போடுங்கள்.

உங்கள் தோட்டத்தில் எத்தனை டிவிஷன், டிஸ்பென்சரியில் முழுநேர ஆள் இருக்கிறாரா, தூரத்து மலையிலிருந்து மெயின் ரோட்டுக்கு நடந்தால் எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். முதல் தொட்டியை எங்கே வைப்பது என்பதை அதை வைத்துப் பேசலாம்.